டிரம்மில் நீர் ஏறியதா, இறங்கியதா?

வள்ளூர் அனல் மின் நிலையத்தில் 500 மெகாவாட் யூனிட்டுகள் மூன்று இருக்கின்றன. தேசிய அனல் மின் கழகமும் தமிழ்நாடு மின்வாரியமும் சரிபாதிப் பங்கில் தொடங்கிய என்.டி.இ.சி.எல். நிறுவனத்தின் நிலையம் அது. மூன்று பாய்லர்களின் உச்சியிலும் படுக்கைவாக்கில் ஒரு பெரிய எஃகு உருளை உண்டு. டிரம் என்பார்கள். கொதிக்கும் நீரும் நீராவியும் பிரிவது அதற்குள்தான். நீராவி டர்பைனை நோக்கிப் போகிறது. நீர் மறுபடியும் குழாய்களில் இறங்கிச் சூடேறி வருகிறது. டிரம்மில் நீர்மட்டம் கூடிப்போனால் நீராவியோடு நீரும் சேர்ந்துபோய் டர்பைன் பிளேடுகளைச் சேதப்படுத்தும். குறைந்துபோனால் பாய்லர் குழாய்கள் நீரின்றிக் காய்ந்து பழுதாகும். அதனால் மேலேயும் கீழேயும் எல்லை வைத்திருக்கிறார்கள். மட்டம் அதைத் தாண்டினால் யூனிட் தானாகவே ட்ரிப் ஆகிவிடும்.

மின்தேவை சட்டென்று ஏறுகிறது, டர்பைன் முன்னைவிட அதிக நீராவியை இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டிரம்மில் நீர்மட்டம் ஏறுமா, இறங்குமா?

இறங்கும் என்றுதான் தோன்றும். வெளியே போவது கூடினால் உள்ளே இருப்பது குறையத்தானே வேண்டும்? ஆனால் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்திருப்பவர் திரையில் முதலில் பார்ப்பது மட்டம் ஏறுவதைத்தான். நீராவி வேகமாக வெளியேறியதும் டிரம்மில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்ததும் நீர்ப்பரப்புக்குக் கீழே இருக்கும் நீராவிக் குமிழிகள் பருக்கின்றன. புதிய குமிழிகளும் கிளம்புகின்றன. அவை நீரை மேலே தள்ளுகின்றன. நீரின் எடை குறைந்துகொண்டே வர, மட்டம் மட்டும் உயர்கிறது. சில பத்து விநாடிகள் கழிந்த பிறகே உண்மை நிலவரம் வெளிப்பட்டு மட்டம் கீழ்நோக்கித் திரும்பும். இதை ஸ்வெல் என்பார்கள். லோடு குறையும்போது இதற்கு நேரெதிராக நடப்பது ஷ்ரிங்க். மட்டத்தை மட்டும் பார்த்து நீரைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாட்டுக் கருவி இந்தச் சில பத்து விநாடிகளில் ஏமாந்துபோகும். நீர் தேவைப்படும் நேரத்தில் நீரைக் குறைத்துவிடும். பெரிய பாய்லர்களில் மட்டத்தோடு நீராவி ஓட்டத்தையும் நீர் ஓட்டத்தையும் சேர்த்தே கவனிக்க வைத்திருப்பது இதற்காகத்தான்.

இந்த நடத்தையை நான்கே மாறிகளில் அடக்கிய ஒரு மாதிரி இருக்கிறது. ஸ்வீடனின் கார்ல் ஆஸ்ட்ரோமும் ஆஸ்திரேலியாவின் ராட் பெல்லும் 2000-ஆம் ஆண்டில் ஆட்டோமேட்டிகா இதழில் வெளியிட்டது. டிரம்மின் அழுத்தம், மொத்த நீரின் கனஅளவு, மேலேறும் குழாய்களின் முடிவில் நீராவி எவ்வளவு பங்கு, நீர்ப்பரப்புக்குக் கீழே சிக்கியிருக்கும் நீராவியின் கனஅளவு என்பவை அந்த நான்கு. மால்மோ நகரிலிருந்த ஒரு மின்நிலையத்தின் அளவீடுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தார்கள். உலகெங்கும் கட்டுப்பாட்டியல் மாணவர்கள் கணினியில் கட்டிப் பார்க்கும் மாதிரி இது. வள்ளூரின் பாய்லருக்கு வேண்டிய அளவுகளைப் போட்டுக்கொண்டால், 500 மெகாவாட் யூனிட்டைப் புரிந்துகொள்வதற்கும் அடிப்படை இதுவே.

இந்த மாதிரியைச் சிமுலிங்க் மென்பொருளில் ஒரு மாணவி கட்டுகிறாள் என்று கொள்வோம். சமன்பாடுகளில் ஒரு குறியும் தவறவில்லை. எண்களும் சரி. நீராவி ஓட்டத்தை ஒரு படி கூட்டிவிட்டு, ஓடு என்ற பொத்தானை அழுத்துகிறாள். புதிதாகத் திறந்த சிமுலிங்க் கோப்பில் சிமுலேஷன் ஓடும் காலம் 10 விநாடி என்றே இருக்கும். யாரும் மாற்றாவிட்டால் அதுதான். ஓப்பன்மாடலிக்காவில் 1 விநாடி. பத்தாவது விநாடியில் வரைபடம் நின்றுவிடுகிறது. அதில் மட்டம் ஏறிக்கொண்டே இருக்கிறது. நீராவியை அதிகமாக எடுத்தால் டிரம்மில் நீர் கூடும் என்று அறிக்கையில் எழுதிவிடலாம். இயற்பியல் தவறவில்லை, கணக்கும் தவறவில்லை. ஆனாலும் முடிவு தலைகீழ்.

செட்டிங் என்பது மாதிரியைக் கட்டி முடித்த பிறகு பார்த்துக்கொள்ளும் சில்லறை வேலை அல்ல என்பது என் உறுதியான எண்ணம். குழாயின் விட்டத்தையும் நீராவியின் வெப்பத்தையும் எவ்வளவு கவனத்தோடு தேர்ந்தெடுக்கிறோமோ, அதே கவனத்தோடு எத்தனை விநாடி ஓட்டுவது, எவ்வளவு சிறிய படியாக நடப்பது, எந்தக் கணக்கு முறை, எந்தத் தொடக்க நிலை என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பொறியியல் கல்லூரிகளில் சமன்பாட்டுக்குக் கொடுக்கும் மதிப்பெண்ணில் கால்வாசியை இதற்குக் கொடுத்தாலும் நிலைமை மாறும்.

வள்ளூர் இதற்கு நல்ல பாடம். அங்கே ஒரே வளாகத்துக்குள் எத்தனை விதமான காலங்கள் ஓடுகின்றன என்று பாருங்கள். ஜெனரேட்டரில் மின்னோட்டம் ஒரு சுற்று வர 20 மில்லி விநாடி. டர்பைனின் கவர்னர் வால்வு அசைய ஒரு விநாடியில் பத்தில் சில பங்கு. மறுசூடாக்கியில் நிறைந்திருக்கும் நீராவி தன் பங்கு சக்தியைத் தர ஏழெட்டு விநாடி. நிலக்கரியைக் கூடுதலாகக் கொட்டினால், மில்லில் அரைபட்டு, எரிந்து, நீராவியாகத் தெரிய நிமிடக்கணக்கு ஆகும். பங்கரில் இருக்கும் கரி மணிக்கணக்கில் கரையும். காமராஜர் துறைமுகத்தில் கப்பல் வந்து, கரி கன்வேயரில் ஏறி வருவது நாள்கணக்கு. சாம்பல் குளம் நிரம்புவது ஆண்டுக்கணக்கு. இவை எல்லாவற்றையும் ஒரே சிமுலேஷனில் அடக்க முடியாது. எதைப் பார்க்கப் போகிறோம் என்பதை முதலில் முடிவுசெய்தால்தான் எந்தக் கடிகாரத்தைக் கையில் எடுப்பது என்று தெரியும்.

இன்றைக்கு வள்ளூர் போன்ற நிலையங்களுக்கு உண்மையிலேயே எழும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகிவிட்டன. பகலில் சூரியன் உச்சியில் இருக்கும்போது அனல் நிலையங்கள் இறங்கி வழிவிட வேண்டும். மாலையில் சூரியன் சாய்ந்ததும் விரைந்து ஏற வேண்டும். மத்திய மின்சார ஆணையம் 2023-இல் இதற்கென்று விதிமுறை கொண்டுவந்தது. நிலக்கரி யூனிட்டுகள் முழுத்திறனில் 55 விழுக்காடு வரை இறங்கி ஓடத் தெரிந்திருக்க வேண்டும். 55-இலிருந்து 70 விழுக்காடு வரை நிமிடத்துக்கு 2 விழுக்காடு, 70-க்கு மேல் நிமிடத்துக்கு 3 விழுக்காடு என்ற வேகத்தில் ஏற வேண்டும். 500 மெகாவாட் யூனிட்டுக்கு இதைக் கணக்கிட்டால், 275-இலிருந்து 350 மெகாவாட் வரை ஏழரை நிமிடம், 350-இலிருந்து 500 வரை பத்து நிமிடம். மொத்தம் பதினேழரை நிமிடம், அதாவது 1,050 விநாடி. அந்த ஏற்றம் முழுவதும் டிரம் மட்டம் எல்லைக்குள் நிற்குமா என்பதே கேள்வி. ஏறி முடிந்த பிறகு அழுத்தமும் மட்டமும் அடங்குவதையும் பார்க்க வேண்டும் என்பதால் குறைந்தது அரைமணி நேரமாவது ஓட்டியாக வேண்டும். அந்த 10 விநாடியை யாரும் மாற்றாமல் விட்டால், ஏற்றம் தொடங்கியதுகூடத் தெரியாது.

அடுத்தது படி. கணினிக்குத் தொடர்ச்சியாக ஓடும் காலம் தெரியாது. ஒரு கணத்தின் நிலையை வைத்து, இப்போது எவ்வளவு வேகத்தில் மாறுகிறது என்று பார்த்து, அதே வேகத்தில் ஒரு சிறு காலம் போனால் எங்கே இருப்போம் என்று கணக்கிட்டு, அங்கே போய் நிற்கும். மறுபடியும் வேகத்தைப் பார்க்கும். அந்தச் சிறு காலம்தான் படி. ஆய்லர் 1768-இல் எழுதிய முறை இது. இன்றைய முறைகள் இதைவிட நுணுக்கமானவை என்றாலும் உயிர்நாடி இதுவே.

கவர்னர் வால்வை எடுத்துக் கையாலேயே போட்டுப் பார்க்கலாம். வால்வு போக வேண்டிய இடத்துக்கும் இப்போது நிற்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி எவ்வளவோ அதற்கேற்ற வேகத்தில் வால்வு நகரும். அதன் கால மாறிலி 0.2 விநாடி. உண்மையில் 0.1 விநாடி கழித்து இடைவெளி 60.7 ஆகியிருக்கும். ஆய்லர் முறையில் 0.02 விநாடிப் படியாக நடந்தால் ஒவ்வொரு படியிலும் பத்தில் ஒரு பங்கு குறையும். ஐந்து படியில் 59 வருகிறது. மோசமில்லை. 0.1 விநாடியை ஒரே படியாக வைத்தால் 50 வருகிறது. சற்றுக் கரடுமுரடு, ஆனாலும் போகும் திசை சரி. படியை 0.5 விநாடி ஆக்குங்கள். 100 என்பது முதல் படியில் கழித்தல் 150 ஆகிறது, அடுத்து 225, அடுத்து கழித்தல் 337.5. எண்கள் வெடித்துச் சிதறுகின்றன. இதில் ஆபத்து குறைவு, ஏனென்றால் பார்த்ததும் எவருக்கும் தவறு தெரிந்துவிடும்.

சரியாக 0.4 விநாடி வைத்தால் நடப்பதுதான் பயமூட்டுவது. 100, கழித்தல் 100, மறுபடியும் 100, மறுபடியும் கழித்தல் 100. வால்வு முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கிறது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அனல் நிலையத்தில் வேலை செய்த எவருக்கும் இந்த வரைபடம் பழக்கமானது. ஹன்டிங் என்பார்கள். கவர்னர் சரியாக ட்யூன் ஆகாவிட்டால் வால்வு இப்படித்தான் நிலைகொள்ளாமல் அலையும். சிமுலேஷனில் இதைக் கண்ட பொறியாளர் கவர்னரின் எண்களை மாற்றத் தொடங்குவார். சில எண்களுக்கு ஆட்டம் அடங்கவும் செய்யும். நோயில்லாத கவர்னருக்கு மருந்து கொடுத்துவிட்டு, குணமாகிவிட்டது என்று குறித்துக்கொள்வார். ஆட்டம் கவர்னரில் இல்லவே இல்லை; அது படியில் இருந்தது.

அப்படியானால் எப்போதும் மிகச்சிறிய படியையே வைத்துவிடலாமே? 1,050 விநாடியை 0.02 விநாடிப் படியாக நடந்தால் 52,500 படிகள். ஒரு வால்வுக்கும் ஒரு டிரம்முக்கும் இது இன்றைய மடிக்கணினிக்குப் பொருட்டே இல்லை. ஆனால் உண்மையான யூனிட் மாதிரியில் ஆயிரக்கணக்கான மாறிகள் இருக்கும். ஒரே ஓட்டம் போதாது, நூறு விதமான நிலைகளுக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கே நேரம் பெரிய விலையாகிவிடுகிறது. வருத்தம் என்னவென்றால் அந்தச் சிறு படிகளில் பெரும்பாலானவை வீண். கவர்னர் வால்வு ஒரு விநாடிக்குள் போய்ச் சேர்ந்து ஓய்ந்துவிடும். பிறகு வரும் பதினேழு நிமிடமும் மாறிக்கொண்டிருப்பது பாய்லர் மட்டும்தான், அதுவும் ஆற அமர. ஆனாலும் படியை 0.4 விநாடிக்கு மேல் பெரிதாக்க முடியாது. ஆக்கினால் ஓய்ந்துபோன வால்வே கணக்கைச் சிதறடிக்கும். குழந்தை நடக்கும்வரை அதன் அடிக்கு ஏற்ப நடந்த தாய், அது தூங்கித் தோளில் சாய்ந்த பிறகும் அதே குட்டி அடியாகவே வீடு வரை நடக்க வேண்டியிருப்பதைப் போன்ற நிலை.

இந்தக் குணத்துக்கு விறைப்பு என்று பெயர். ஆங்கிலத்தில் இருந்து வந்த ஸ்டிஃப் என்ற சொல்லையே வகுப்பறையிலும் வேலையிடத்திலும் சொல்கிறோம். வேகமானதும் மெதுவானதும் ஒரே அமைப்பில் சேர்ந்து கிடந்தால் அது விறைத்த அமைப்பு. 1952-இல் கர்ட்டிஸ், ஹிர்ஷ்ஃபெல்டர் என்ற இரு வேதியியலாளர்கள், வேதிவினைக் கணக்குகளில் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு, அதற்கு ஒரு வழியும் கண்டார்கள். இப்போதைய வேகத்தை வைத்துத் தாவாமல், போய்ச் சேரும் இடத்தில் என்ன வேகம் இருக்குமோ அதை வைத்துத் தாவு என்பது வழி. போகாத இடத்தின் வேகம் எப்படித் தெரியும்? ஒவ்வொரு படியிலும் ஒரு சமன்பாட்டைத் தீர்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அதனால் மறைமுக முறை என்கிறோம். ஒரு படிக்கு ஆகும் வேலை கூடுதல். ஆனால் படி எவ்வளவு பெரிதானாலும் சிதறாது. நம் வால்வை அதே 0.5 விநாடிப் படியில் இந்த முறையில் நடத்தினால் 100, 28.6, 8.2 என்று சமர்த்தாக இறங்குகிறது. லிண்டா பெட்சோல்டு 1982-இல் எழுதிய டாசல் என்ற நிரல் இந்த வம்சத்தைச் சேர்ந்தது. ஓப்பன்மாடலிக்கா கேட்காமலே எடுத்துக்கொள்வது அதைத்தான். சிமுலிங்கில் இதே குடும்பத்துக்கு ஓடிஇ15எஸ் என்று பெயர். இப்போதைய வேகத்தை வைத்தே தாவும் நேர்முகக் குடும்பத்துக்கு அங்கே பிரபல முகம் ஓடிஇ45.

விறைத்த அமைப்புக்கு மறைமுக சால்வர், அதாவது மறைமுகக் கணக்கு நிரல், என்று சூத்திரமாக மனப்பாடம் செய்துகொண்டு போய்விடுகிறவர்கள் நிறைய. ஆனால் இந்தப் பக்கமும் ஒரு குழி இருக்கிறது. மின்தொகுப்பில் ஜெனரேட்டர்கள் ஒன்றோடொன்று மெல்ல ஊசலாடும். ஒரு நிலையத்தின் இயந்திரங்கள் சுற்றியிருக்கும் கிரிட்டுக்கு எதிராக ஆடும் ஆட்டம் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு முறை. தணிவே இல்லாத அப்படியொரு ஆட்டத்தை எளிய மறைமுக ஆய்லர் முறையில் 0.1 விநாடிப் படியாக நடத்திப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் ஆட்டம் 0.85 மடங்காகச் சுருங்குகிறது. பத்துப் படி, அதாவது ஒரு விநாடி போனதும், ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. இரண்டு மூன்று விநாடியில் கோடு நேராகிவிடும். உண்மையில் அந்த ஆட்டம் அடங்கவே அடங்காது. ஆய்லரின் நேர்முக முறை இல்லாத ஆட்டத்தை உண்டாக்கிக் காட்டியது; இது இருக்கும் ஆட்டத்தைத் துடைத்து மறைக்கிறது. இரண்டில் எது மோசம் என்றால், இரண்டாவதுதான். இல்லாத நோயைத் தேடி வீணாக அலைந்தால் நேரம் போகும். இருக்கும் நோய் தெரியாமல் போனால் ஊரே இருளும்.

1996 ஆகஸ்ட் 10 அன்று அமெரிக்காவின் மேற்குப் பகுதி மின்தொகுப்பு இப்படித்தான் வளர்ந்துகொண்டே போன ஊசலாட்டத்தில் துண்டு துண்டாக உடைந்தது. ஏறக்குறைய 75 லட்சம் நுகர்வோருக்கு மின்சாரம் நின்றது. பிறகு அன்றைக்குப் பயன்பாட்டிலிருந்த மாதிரிகளை வைத்து அதே சம்பவத்தை ஓட்டிப் பார்த்தார்கள். திரையில் ஆட்டம் அழகாகத் தணிந்தது. அங்கே குற்றம் படியில் இல்லை, மாதிரிக்குள் இருந்த விவரங்களில் இருந்தது. ஆனால் திரையில் தணிவதைப் பார்த்து நம்பியவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். அதற்குப் பின்னர்தான் ஜெனரேட்டர்களை நேரில் சோதித்து, அளந்த எண்களோடு மாதிரி ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் வழக்கம் அங்கே கட்டாயமானது.

நம் பக்கத்திலும் கிரிட் மாறியிருக்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை வழியாகத் தென்னகத் தொகுப்பு நாட்டின் மற்ற பகுதியோடு ஒரே ஃப்ரீக்வென்சியில் இணைந்தது. அதற்கு முன் வள்ளூர் யூனிட் ஒன்று ட்ரிப் ஆனால் அதன் அதிர்ச்சியைத் தாங்கியது தென்னிந்தியா மட்டும். அன்றிலிருந்து நாடு முழுவதும் தாங்குகிறது. இயந்திரத்தில் ஒரு போல்ட்டும் மாறவில்லை. ஆனால் அந்த நாளுக்கு முன் எழுதிய மாதிரியில் வெளி உலகம் என்று போட்டிருந்த எண்கள் அன்றே பழசாகிவிட்டன.

படியைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் சால்வர்கள் இருக்கும்போது இந்தக் கவலை எதற்கு என்று கேட்கலாம். அவை நல்லவைதான். பிழை எவ்வளவு வரை பொறுக்கலாம் என்று ஒரு வரம்பைக் கொடுத்தால், அமைதியான இடத்தில் நீண்ட படியும் கலவரமான இடத்தில் குட்டிப் படியுமாக நடக்கும். சிமுலிங்க் தானாக எடுத்துக்கொள்ளும் வரம்பு ஆயிரத்தில் ஒன்று. ஓப்பன்மாடலிக்காவில் பத்து லட்சத்தில் ஒன்று. ஆனால் தானியங்கிப் படிக்கு மேல்வரம்பு என்று ஒன்றும் உண்டு. சிமுலிங்கில் அதைத் தொடாமல் விட்டால், ஓடும் காலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று தானே வைத்துக்கொள்ளும். இரண்டு மணி நேர ஓட்டம் என்றால் 144 விநாடி. டிரம் அமைதியாக இருக்கும் ஒரு கட்டத்தில் சால்வர் நீண்ட அடி எடுத்து வைக்கத் தொடங்குகிறது. நடுவில் 20 விநாடி மட்டும் பாய்லருக்கு நீர் தள்ளும் ஃபீட் பம்ப் தடுமாறியதாக ஒரு இடையூறைச் சூத்திரமாக எழுதி வைத்திருந்தால், அந்த 20 விநாடியைத் தாண்டியே கால் வைத்துவிடலாம். வரைபடத்தில் எதுவுமே நடந்திருக்காது. பம்ப் நின்றாலும் யூனிட் தாங்குகிறது என்று தோன்றும். மேல்வரம்பை 5 விநாடி என்று கையால் குறித்துவிட்டால் தீர்ந்தது.

தொடக்க நிலையைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் மின்தொகுப்புப் பொறியாளர்களிடம் ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. எந்த இடையூறும் கொடுக்காமல் முதலில் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்கள். எல்லாக் கோடுகளும் ஆணி அடித்ததுபோல் நேராக ஓட வேண்டும். ஏதாவது ஒன்று சரிந்தாலோ நெளிந்தாலோ தொடக்க எண்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்று பொருள்: பாய்லருக்குள் போகும் நீர் வெளியேறும் நீராவிக்குச் சமமாக இல்லை, அல்லது எரியும் கரிக்கும் வரும் மெகாவாட்டுக்கும் கணக்கு ஒட்டவில்லை. அந்த நெளிவைத் தீர்க்காமல் இடையூறைக் கொடுத்தால் எது நாம் கொடுத்த அடி, எது மாதிரி தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் அசைவு என்று பிரித்தறிய முடியாது. டிரம் போல உள்ளே வருவதையும் வெளியே போவதையும் கூட்டிக்கொண்டே போகும் அமைப்புகளில் இது இன்னும் கறாரானது; சிறு பொருத்தமின்மையும் நிமிடக்கணக்கில் சேர்ந்து மட்டத்தை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

இவற்றையெல்லாம் பழகிப் பார்க்கப் பெரிய செலவு தேவையில்லை. ஓப்பன்மாடலிக்கா இலவசம், மும்பை ஐஐடியின் ஃபாஸி திட்டம் அதைக் கல்லூரிகளில் பரப்பி வருகிறது. மீஞ்சூரிலோ திருவொற்றியூரிலோ இருக்கும் ஒரு பாலிடெக்னிக் மாணவர், தன் வீட்டு மாடியிலிருந்து தெரியும் புகைபோக்கிக்கு அடியில் என்ன நடக்கிறது என்பதைத் தன் கணினியிலேயே கட்டிப் பார்க்கலாம். இது என்னை உண்மையிலேயே மகிழ்விக்கும் விஷயம்.

மின்நிலையத்தின் மதிலுக்கு வெளியே வந்தாலும் செட்டிங் விடுவதில்லை. 2017 ஜனவரி 28 அதிகாலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே பி.டபிள்யூ. மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரு கப்பல்கள் மோதின. எண்ணெய் கசிந்து, தெற்கு நோக்கிப் போய், எர்ணாவூர், திருவொற்றியூர், காசிமேடு, மெரினா என்று கரையேறியது. எர்ணாவூர் பாறைகளுக்கிடையே ஆட்கள் வாளியில் அள்ளிய கறுப்புக் குழம்பை நாடே பார்த்தது. எண்ணெய் எந்தப் பக்கம் போகும் என்று கணித்துச் சொல்ல ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல்சார் தகவல் மையம் இருக்கிறது. அவர்கள் அமெரிக்காவின் நோவா அமைப்பு உருவாக்கிய க்னோம் என்ற மாதிரியை நம் கடல் நீரோட்டத்தோடும் காற்றோடும் இணைத்து ஓட்டுகிறார்கள். எண்ணெயைப் பல நூறு துகள்களாகப் பாவித்து, ஒவ்வொன்றையும் நீரோட்டமும் காற்றும் எப்படித் தள்ளும் என்று நேரப் படிகளாக நகர்த்திப் பார்ப்பதுதான் அதன் வேலை.

காற்று எண்ணெயைத் தன் முழு வேகத்தில் தள்ளாது. காற்றின் வேகத்தில் நூற்றுக்கு 1 முதல் 4 பங்குதான் மேற்பரப்பு எண்ணெய்க்குப் போய்ச் சேரும். இந்தப் பங்கு ஒரு செட்டிங். விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் ஒரு நாள் முழுவதும் ஒரே திசையில் காற்று அடித்தால், 1 விழுக்காட்டில் எண்ணெய் 4.3 கிலோமீட்டர் நகரும்; 4 விழுக்காட்டில் 17.3 கிலோமீட்டர். இடைப்பட்ட 13 கிலோமீட்டர் என்பது ஏறக்குறைய அந்தத் துறைமுகத்துக்கும் காசிமேட்டுக்கும் இடையிலான தூரம். அதனால்தான் எல்லாத் துகள்களுக்கும் ஒரே எண்ணைக் கொடுக்காமல் இந்த எல்லைக்குள் கலைத்துக் கொடுக்கிறார்கள். திரையில் கோடு வராது, ஒரு பரப்பு வரும். இதில் நேர்மை இருக்கிறது என்று நினைக்கிறேன். மிதவைத் தடுப்பைத் திருவொற்றியூரில் போடுவதா, இன்னும் தெற்கேயா என்று முடிவெடுப்பவருக்கு ஒற்றைக் கோட்டைவிட அந்தப் பரப்புதான் பயன்படும். எவ்வளவு கொட்டியது என்ற எண்ணையும் மாதிரிக்கு யாராவது சொல்லியாக வேண்டும். மோதலுக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் அந்த எண் ஏறிக்கொண்டே போனது. சொல்பவர் தாமதித்தால் எவ்வளவு நல்ல சால்வராலும் ஒன்றும் செய்ய முடியாது.

காற்று மாசுக் கணக்கிலும் இதே கதை. புகைபோக்கியிலிருந்து வரும் கந்தக டை ஆக்சைடுக்கு நம் நாட்டுத் தர வரம்பு, 24 மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 80 மைக்ரோகிராம். கணக்குக்காக ஒரு நாளை எடுத்துக்கொள்வோம்: கடற்காற்று எழும் ஒரு மணி நேரம் மட்டும் புகை கீழே இறங்கி 480 மைக்ரோகிராம், மீதி 23 மணி நேரமும் 10. சராசரி 30-க்கும் குறைவு. வரம்புக்குள் இருக்கிறது என்று அறிக்கை சொல்லும். அந்த ஒரு மணி நேரத்தில் இருமிய குழந்தையின் கணக்கு எங்கும் வராது. சராசரி எடுக்கும் காலம் என்பதும் சிமுலேஷன் நிற்கும் நேரத்தைப் போலவே, யாரோ ஒருவர் பெட்டியில் தட்டிய எண்.

ஒரு சிமுலேஷன் முடிவு அறிக்கையில் வரும்போது, அதோடு இந்த எண்களும் வர வேண்டும்: ஓட்டிய காலம், சால்வரின் பெயர், படியின் அளவும் மேல்வரம்பும், பிழை வரம்பு, தொடக்க நிலை. படியைப் பாதியாக்கி மறுபடியும் ஓட்டினால் முடிவு மாறுகிறதா என்ற ஒரு வரியும் வேண்டும். மாறவில்லை என்றால் படியைப் பற்றி மேற்கொண்டு கவலைப்பட வேண்டாம். மாறினால் அந்த வரைபடத்தை யாருக்கும் காட்டக் கூடாது. காலத்தை இரட்டிப்பாக்கியும் அப்படியே பார்க்க வேண்டும். டிரம் மட்டம் திரும்பி இறங்குவது அப்போதுதான் தெரியும்.

புதிய ஆலைகளுக்கான சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகளில் பெரும்பாலும் மழைக்காலம் தவிர்த்த ஒரே ஒரு பருவத்தின் அளவீடுகளை வைத்தே மாசு பரவும் கணக்கு ஓடுகிறது. வள்ளூரை ஒட்டிய எண்ணூரில் ஆனி மாதக் காற்று தென்மேற்கிலிருந்து வரும், மார்கழிக் காற்று வடகிழக்கிலிருந்து. ஒன்று புகையைக் கடலுக்குக் கொண்டுபோகும், மற்றது ஊருக்குள். எந்த மூன்று மாதக் காற்று மாதிரிக்குள் போனது என்பது அறிக்கையின் உள்பக்கத்தில் ஏதோ ஒரு அட்டவணையின் தலைப்பில் இருக்கும். பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் அந்தப் பக்கத்தைக் குறித்து எடுத்துப் போகலாம். மற்றப் பருவத்துக்கும் ஓட்டிக் காட்டுங்கள் என்று கேட்கலாம். காற்றின் கோப்பை மாற்றிவிட்டு மறுபடியும் ஓட்டுவதற்கு ஒரு மாலைப்பொழுதுகூட ஆகாது.